துப்பாக்கிச் சாவைக் குறைக்க ரிச்மண்ட் வரைக்கும் போகலாம் வாங்க: வர்ஜீனியாவுக்குப் புதுசா வந்த தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

வர்ஜீனியாவுக்குக் குடிவந்து பசங்கள ஸ்கூல்ல சேர்த்தவுடனே நம்மாளுங்க கேக்கற முதல் கேள்விகள்ல ஒண்ணு, துப்பாக்கியோட யாராவது உள்ள வந்தா ஒளிஞ்சுக்கறதுக்கு ஸ்கூல்ல குடுக்கற லாக்டவுன் டிரில் பத்தித்தான், "அஞ்சு வயசுக் குழந்தைய லைட்ட அணைச்சுட்டு மூலையில சத்தம் போடாம உக்கார வெக்கறாங்களாமே, எதுக்குங்க"ன்னு. விஷயம் தெரிஞ்சதும் நாலு நாள் மனசு கெடந்து அடிச்சுக்கும், அப்புறம் வேலை, விசா, வீட்டுக் கடன்னு அதுபாட்டுக்குப் போயிடும், டிவில அடுத்த துப்பாக்கிச் சூடு வரும்போது "இந்த ஊர்ல இது மாறவே மாறாது"ன்னு சொல்லிட்டு சேனல மாத்திடுவோம்.

மாறாதுங்கறது சரியில்லங்க. வாஷிங்டன்ல காங்கிரஸ் அளவுல ரொம்ப மெதுவாத்தான் நகரும், ஆனா ஸ்டேட் அளவுல மாறுது, வர்ஜீனியாவே அதுக்கு சாட்சி. அதுவும் யாரோ பெரிய ஆளுங்க மாத்தல, ஆராய்ச்சி பண்ணவங்க ஒரு பக்கம் கணக்க எடுத்து வெச்சாங்க, சாதாரண ஜனங்க அந்தக் கணக்க கையில வெச்சுகிட்டு ஸ்டேட் தலைநகர் ரிச்மண்டுக்கு வருஷா வருஷம் போய் நின்னாங்க. அந்த வேலையில ஒரு புது ஆள் எப்படி சேர்றதுன்னுதான் இங்க எழுதறேன். நான் வடக்கு வர்ஜீனியாவுல இருக்கேன், அதனால வர்ஜீனியா விவரம்தான் இருக்கும், வேற ஸ்டேட்ல இருக்கறவங்க முறைய எடுத்துக்குங்க, தேதியும் கமிட்டி பேரும் உங்க ஊருக்குப் பார்த்துக்குங்க.

இது நம்ம விஷயமான்னு கேக்கறவங்களுக்கு

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் யூனிவர்சிட்டி. ஒருத்தன் 32 பேரைச் சுட்டுக் கொன்னுட்டான். அதுல ஒருத்தர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், கோவை பி.எஸ்.ஜி.ல படிச்சு, ஐஐடி கான்பூர், பர்டூன்னு போயி, அந்த யூனிவர்சிட்டி இருக்கற பிளாக்ஸ்பர்க்ல ஏறக்குறைய 25 வருஷமா பாடம் நடத்தினவர். அன்னிக்கு நாரிஸ் ஹால்ல நீரியல் வகுப்பு எடுத்துட்டு இருந்தார். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வகுப்பறையிலயே போயிருக்கார், இதுக்கு மேல இது நம்ம விஷயமான்னு கேக்க என்ன இருக்கு.

அந்தச் சம்பவத்துல கவனிக்க வேண்டிய இன்னொண்ணு இருக்கு. சுட்டவன 2005லயே ஒரு நீதிபதி "இவனால இவனுக்கே ஆபத்து"ன்னு சொல்லி வெளிநோயாளியா சிகிச்சை எடுக்க உத்தரவு போட்டிருந்தார். ஃபெடரல் சட்டப்படி அவன் துப்பாக்கி வாங்கவே கூடாது. ஆனா ஆஸ்பத்திரில சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தாத்தான், துப்பாக்கி வாங்கறவரப் பத்திக் கடையில சரிபார்க்கற பேக்ரவுண்ட் செக் லிஸ்ட்டுக்கு பேர் போகும்ங்கறது அப்ப வர்ஜீனியாவோட நடைமுறை. பேர் போகல, அவன் கடையில செக் பாஸ் பண்ணியே ரெண்டு துப்பாக்கி வாங்கினான். ஸ்டேட் ஆபீஸ் ஒண்ணுல ஒரு ஃபாரம் எங்க போகணும்ங்கறதுல இருந்த ஓட்டை அது. அந்த ஓட்டைய அடைக்க அப்ப கவர்னரா இருந்த டிம் கெய்ன் அதே மாசம் உத்தரவு போட்டார், அடுத்த வருஷம் ஆரம்பத்துல நாடு முழுக்க ரெக்கார்ட் அனுப்பறத சரிபண்ண ஃபெடரல் சட்டமும் வந்துச்சு. ஸ்டேட் அளவுல வேலை பண்றதுன்னா பெரும்பாலும் இந்த மாதிரி, கேட்டா சப்புன்னு இருக்கற, ஆனா உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

முதல் வேலை: நம்பரப் பாருங்க, பேசறதுக்கு முன்னாடி

புதுசா வர்றவங்க எல்லாரும் ஸ்கூல் துப்பாக்கிச் சூட்ட மனசுல வெச்சுட்டுத்தான் வர்றாங்க. தப்பில்ல. ஆனா கணக்க எடுத்துப் பார்த்தா வேற ஒரு படம் தெரியும். 2023ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தவங்க 46,728 பேர். அதுல 27,300 பேர் தற்கொலை, அதாவது பாதிக்கும் மேல. கொலை ஏறக்குறைய 18,000. டிவில வர்ற கூட்டத்துல சுடற சம்பவங்கள் இதுல ரொம்ப சின்ன பங்கு. அதே சமயம் 2020லேருந்து குழந்தைகள், டீன் ஏஜ் பசங்க சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், கார் விபத்தையும் தாண்டிடுச்சு.

இத ஏன் முதல்ல சொல்றேன்னா, எந்த பில்லுக்கு, அதாவது சட்ட மசோதாவுக்கு, உங்க நேரத்தக் குடுக்கறதுங்கறத இதுதான் தீர்மானிக்கும். தற்கொலைதான் பெருசுன்னா, பூட்டி வெக்கற சட்டம், ஆபத்தான நிலையில இருக்கறவர்கிட்டேருந்து கோர்ட் உத்தரவு மூலமா கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கிய எடுத்து வெக்கற ரெட் ஃப்ளாக் சட்டம் இதெல்லாம் முக்கியமாகுது. துப்பாக்கிய வெச்சு முயற்சி பண்றவங்கள்ல பத்துக்கு எட்டு ஒன்பது பேர் பிழைக்கறதில்ல, மத்த வழிகள்ல பெரும்பாலானவங்க பிழைச்சுடறாங்க, பிழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க பின்னாடி தற்கொலையால சாகறதும் இல்ல. அந்த மோசமான ஒரு மணி நேரத்துல கைக்கு எட்டற தூரத்துல துப்பாக்கி இல்லாம இருந்தா ஒரு உயிர் மிஞ்சுது, அவ்வளவுதான் விஷயம். நியூ ஹாம்ப்ஷயர்ல 2009ல ஒரு வாரத்துக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாத மூணு பேர் ஒரே கடையில துப்பாக்கி வாங்கி அடுத்த சில மணி நேரத்துல உயிர விட்டாங்க, அதுக்கப்புறம் அந்தக் கடைக்காரரே ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து, வாங்க வர்றவங்க தவிப்புல இருக்காங்களான்னு கவனிக்கறது எப்படின்னு மத்த கடைகளுக்கு சொல்லிக்குடுக்கற திட்டத்துல இறங்கினார். துப்பாக்கி விக்கறவங்க எல்லாம் எதிரின்னு நினைச்சுட்டு வர்றவங்க இதத் தெரிஞ்சுக்கணும்.

நம்பர எங்க எடுக்கறது? ஃபெடரல் அரசோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி, அதோட 'வொண்டர்' டேட்டாபேஸ் இலவசம், யார் வேணாலும் உள்ள போகலாம். 'அண்டர்லையிங் காஸ் ஆஃப் டெத்'ங்கற பகுதியத் தெறந்து, ஸ்டேட் வர்ஜீனியா, உங்க கவுண்டி, வருஷம் எல்லாம் தேர்ந்தெடுத்துட்டு, காரணம்ங்கற இடத்துல 'இஞ்சுரி இன்டென்ட் அண்ட் மெக்கானிசம்' பட்டனப் போட்டு 'ஃபயர்ஆர்ம்' எடுங்க. தற்கொலை, கொலை, விபத்துன்னு தனித்தனியாப் பிரிச்சுக் குடுக்கும். ஒரு வருஷத்துக்கு மட்டும் கேட்டா சின்ன கவுண்டிகளுக்கு 'சப்ரெஸ்டு'ன்னு வரும், பயந்துடாதீங்க, பத்துக்குக் கீழ இருந்தா அந்த ஆள் யாருன்னு அடையாளம் தெரிஞ்சுடக் கூடாதுன்னு மறைச்சுடுவாங்க, அஞ்சு வருஷம் சேர்த்துக் கேட்டா பெரும்பாலும் நம்பர் வந்துடும். எண்ணிக்கைய மட்டும் எடுக்காம லட்சம் பேருக்கு எத்தனைங்கற விகிதத்தையும் எடுங்க, இல்லேன்னா ஃபேர்ஃபாக்ஸ் மாதிரி பெரிய கவுண்டியையும் தெற்குப் பக்கத்து சின்ன கவுண்டியையும் ஒப்பிடவே முடியாது.

இது தவிர வர்ஜீனியா சுகாதாரத் துறையில சீஃப் மெடிக்கல் எக்சாமினர் ஆபீஸ் ஒவ்வொரு வன்முறைச் சாவையும் போலீஸ் ரிப்போர்ட், பிரேதப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத் தொகுக்கறாங்க, நாட்டுல இத முதன்முதல்ல ஆரம்பிச்ச ஆறு ஸ்டேட்ல வர்ஜீனியாவும் ஒண்ணு. சண்டை எதனால, முன்னாடி புகார் இருந்துச்சா மாதிரி விவரம் அதுலதான் கிடைக்கும். 2025 ஏப்ரல்ல சிடிசியோட காயத் தடுப்புப் பிரிவுல நிறைய பேர வேலைய விட்டு எடுத்துட்டாங்க, அதனால ஸ்டேட் சொந்தமா வெச்சிருக்கற கணக்கோட மதிப்பு இன்னும் கூடிருக்கு. எடுக்கற டேபிள உடனே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கறது நல்லது.

ஆராய்ச்சி ஏன் இவ்ளோ கொஞ்சமா இருக்கு

இதுக்கு ஒரு வரலாறு இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கங்க, ஏன்னா எதிர்ப் பக்கம் "இந்தச் சட்டம் வேலை செய்யும்ங்கறதுக்கு ஆதாரமே இல்லையே"ன்னு கேப்பாங்க. 1993ல ஆர்தர் கெல்லர்மன் குழு வீட்ல துப்பாக்கி இருந்தா அந்த வீட்ல கொலை நடக்கற வாய்ப்பு 2.7 மடங்கு அதிகம்னு ஒரு ஆய்வு போட்டாங்க. துப்பாக்கி அமைப்புகளுக்கு கோபம் வந்துடுச்சு. 1996ல டிக்கி திருத்தம்னு ஒண்ணு, சிடிசி பணத்த துப்பாக்கிக் கட்டுப்பாட்ட ஆதரிக்கப் பயன்படுத்தக் கூடாதுன்னு. அதோட சிடிசி அந்த ஆராய்ச்சிக்கு செலவு பண்ணின 26 லட்சம் டாலர கணக்கா வெட்டினாங்க. சட்டத்துல ஆராய்ச்சியே கூடாதுன்னு எழுதல, ஆனா யாரு ரிஸ்க் எடுப்பா, இருபது வருஷத்துக்கு மேல அந்தப் பக்கமே பெருசா பணம் போகல. அந்தத் திருத்தத்தக் கொண்டு வந்த காங்கிரஸ் சபை உறுப்பினர் ஜே டிக்கியே பின்னாடி மனசு மாறி, சிடிசில தனக்கு எதிரா நின்ன மார்க் ரோசன்பர்கோட சேர்ந்து, ஆராய்ச்சிக்குப் பணம் குடுங்கன்னு 2012ல பத்திரிகையில எழுதினார். 2019 டிசம்பர்லதான் காங்கிரஸ் மறுபடி 2.5 கோடி டாலர் ஒதுக்குச்சு, சிடிசிக்குப் பாதி, தேசிய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச்சுக்குப் பாதி.

நடுவுல ஸ்டேட்டுங்க காத்துட்டு இருக்கல. கலிஃபோர்னியா 2016ல சட்டம் போட்டு 50 லட்சம் டாலர் குடுத்து யூசி டேவிஸ் யூனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சுது, எமர்ஜென்சி டாக்டர் கேரன் வின்டமியூட் தலைமையில. நியூ ஜெர்சி 2018ல ரட்கர்ஸ் யூனிவர்சிட்டில ஒண்ணு. உங்க ஸ்டேட்லயும் இந்த மாதிரி கேக்கணும்னா அது தனி பில்லா வர்றத விட பட்ஜெட் திருத்தமா வர்றது சுலபம், வர்ஜீனியால ரெண்டு வருஷ பட்ஜெட் இரட்டைப்படை வருஷத்துல போடுவாங்க, ஒற்றைப்படை வருஷத்துல திருத்துவாங்க. துப்பாக்கிச் சட்டத்துக்கு ஓட்டுப் போட பயப்படற உறுப்பினர் கூட "கணக்கு எடுக்கப் பணம்"னா யோசிப்பார்.

எந்தெந்த சட்டத்துக்கு எவ்வளவு ஆதாரம் இருக்குன்னு ஒரே இடத்துல பார்க்கணும்னா ராண்ட் நிறுவனம் 2018லேருந்து வெளியிடற துப்பாக்கிக் கொள்கை ஆய்வுத் தொகுப்பு இருக்கு, கட்சி சார்பு கிடையாது. குழந்தைங்க கைக்குக் கிடைக்காம பூட்டி வெக்கணும்ங்கற சட்டங்கள் சின்னப் பசங்க தற்கொலையையும் விபத்தையும் குறைக்குதுங்கறதுக்கு அதுல நல்ல ஆதாரம்னு போட்டிருக்காங்க. ஆபத்துன்னு தோணினா விலகிப் போக முயற்சி பண்ணாமலே சுடலாம்ங்கற சட்டங்கள் கொலைய அதிகமாக்குதுங்கறதுக்கும் அப்படியே. நிறைய சட்டங்களுக்கு நேரா 'முடிவு சொல்ல முடியல'ன்னு இருக்கும், அதையும் நேர்மையா ஒத்துக்கணும், இருக்கற ஆதாரத்த விட அதிகமா சொன்னீங்கன்னா ஒரே ஒரு கேள்வியில மாட்டிக்குவீங்க.

வர்ஜீனியாவுக்குன்னே ஒரு அருமையான ஆய்வு இருக்கு, புதுசா வர்றவங்க யாருக்கும் தெரியறதில்ல. 90கள்ல நியூயார்க் வரைக்கும் பிடிபடற துப்பாக்கிங்க ஏகப்பட்டது ஐ-95 ஹைவே வழியா நம்ம ஸ்டேட்லேருந்து போனதுதான், ஆள் வெச்சு மொத்தமா வாங்கி ஏத்திட்டுப் போவாங்க. 1993ல கவர்னர் டக்ளஸ் வைல்டர் காலத்துல ஒருத்தர் மாசத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம்னு சட்டம் வந்துச்சு. தென்கிழக்கு ஸ்டேட்டுங்கள்ல வாங்கி வடகிழக்குல பிடிபட்ட துப்பாக்கிங்கள்ல வர்ஜீனியா பங்கு, சட்டத்துக்கு முன்னாடி வாங்கினதுல 35 சதவீதம், பின்னாடி வாங்கினதுல 16 சதவீதம், 1996ல மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு. அப்புறம் 2012ல அந்தச் சட்டத்த எடுத்துட்டாங்க, 2020ல திரும்பக் கொண்டு வந்தாங்க. ஆதாரம் இருந்தும் சட்டம் போச்சு பாருங்க, அதனாலதான் ஆராய்ச்சி மட்டும் போதாது, அத எடுத்துட்டுப் போய் சொல்ல ஆள் வேணும்.

ரெண்டாவது: உங்க விசா நிலை என்ன, அதுக்கு என்ன செய்யலாம்

இதுல குழப்பம் ரொம்ப. சிட்டிசன் இல்லாதவங்களும் டெலிகேட், அதாவது ஸ்டேட் சட்டசபை கீழ்சபை உறுப்பினர், அவர் ஆபீசுக்கு போன் பண்ணலாம், மெயில் எழுதலாம், நேர்ல பார்க்கலாம், கமிட்டில பேசலாம். நீங்க அந்தத் தொகுதியில குடியிருக்கீங்க, வரி கட்டறீங்க, பசங்க அங்க படிக்கறாங்க, அது போதும். ஓட்டுப் போட மட்டும் முடியாது. டிஎம்வில லைசென்ஸ் எடுக்கும்போது வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் கேள்வி வந்தா சிட்டிசன்னு தப்பித் தவறிக் கூட டிக் பண்ணிடாதீங்க, பின்னாடி நாட்டை விட்டு அனுப்பற அளவுக்கு வந்துடும். தேர்தல் நன்கொடை கிரீன் கார்டு இருந்தா குடுக்கலாம், ஹெச்1பி, ஹெச்4, எஃப்1 இருக்கறவங்க எந்த வேட்பாளருக்கும், எந்த லெவல்லயும் குடுக்கக் கூடாது. இப்ப இருக்கற சூழ்நிலையில விசாவுல இருக்கறவங்க ஊர்வலத்துக்குத் தயங்கறது எனக்குப் புரியுது, அவங்க டேட்டா எடுக்கலாம், ஒரு பக்கக் குறிப்பு தயார் பண்ணலாம், மத்தவங்களுக்கு கார் ஓட்டலாம். பெரிய சந்தேகம்னா இமிக்ரேஷன் லாயர்கிட்ட கேட்டுடுங்க.

இன்னொண்ணு, இத சொல்லாம போனா பாவம். ஹெச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி பொதுவா குற்றம், ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான். ஃப்ரெண்ட்ஸ் கூட்டிட்டுப் போறாங்கன்னு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் போட்டோ எடுத்து போடறதுக்கு முன்னாடி இத யோசிங்க.

தமிழ்ச் சங்கம், கோயில் மூலமா பண்ணலாமான்னு கேப்பாங்க. பெரும்பாலும் இதெல்லாம் 501-சி-3ங்கற வரிவிலக்கு உள்ள தொண்டு அமைப்பு, எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது, பில்லுக்கு ஆதரவு திரட்டறது ஒரு அளவுக்கு ஓகே. துப்பாக்கிப் பாதுகாப்பு பத்தி ஒரு பேச்சு வெக்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல.

மூணாவது: உங்க வீட்லயும் தெருவுலயும் ஆரம்பிங்க

ரிச்மண்ட் போறதுக்கு முன்னாடி இது. அமெரிக்காவுல பத்துல நாலு பேர் துப்பாக்கி இருக்கற வீட்லதான் இருக்காங்க. நம்ம பசங்க விளையாடப் போற வீடுகளும் அதுல அடக்கம். "எப்படிங்க கேக்கறது, தப்பா நெனச்சுப்பாங்க"ன்னு எல்லாரும் தயங்குவாங்க. நாங்க பழக்கத்துல சொல்லித்தர்றது இதுதான்: மத்த கேள்விகளோட சேர்த்துக் கேட்டுடுங்க, "அவனுக்கு நட்ஸ் அலர்ஜிங்க, நாய் இருக்கா, நீச்சல் குளம் இருக்கா, அப்புறம் வீட்ல துப்பாக்கி இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்கல்ல?" இருக்கா இல்லையான்னு கேக்காம பூட்டி இருக்கான்னு கேட்டா அவங்களுக்கும் சங்கடம் இல்ல. மெசேஜ்ல அனுப்பினா இன்னும் சுலபம். கோவப்படறவங்க ரொம்பக் கொஞ்சம், "நல்லவேளை கேட்டீங்க, சேஃப்ல இருக்கு"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

நம்மாளுங்க வீடுகள்லயும் துப்பாக்கி இருக்கு, கோவிட் சமயத்துல பயத்துல வாங்கினவங்க உண்டு, கடை வெச்சிருக்கறவங்க உண்டு. அவங்களத் திட்டாதீங்க. வர்ஜீனியாவுல 2023ல வந்த சட்டப்படி லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட கன் சேஃப் மாதிரி பூட்டற சாதனம் வாங்கினா 300 டாலர் வரைக்கும் ஸ்டேட் டேக்ஸ் கிரெடிட் உண்டு, குடியரசுக் கட்சி கவர்னர் கையெழுத்துப் போட்டதுதான், டேக்ஸ் ஃபைல் பண்ற நம்மாளுங்க கிட்ட சொன்னா உடனே காது குடுப்பாங்க. 14 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு ஆபத்து வர்ற மாதிரி லோடு பண்ணின துப்பாக்கிய அலட்சியமா விட்டா கிளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றங்கள்ல கடுமையான வகை, 2020ல தண்டனைய ஏத்தினாங்க. 2023 ஜனவரில நியூபோர்ட் நியூஸ்ல ஆறு வயசுப் பையன் அம்மாவோட துப்பாக்கிய பைல போட்டு எடுத்துட்டு வந்து டீச்சரைச் சுட்டது ஞாபகம் இருக்கும். ஆறு வயசு.

வீட்ல யாராவது, காலேஜ் படிக்கற பையனோ வேலை போன கணவரோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு பேச ஆரம்பிச்சா நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு மூடி வெக்காதீங்க. 988க்கு போன் பண்ணலாம், எந்நேரமும் ஆள் இருப்பாங்க. வீட்ல துப்பாக்கி இருந்தா, ஆபத்துன்னு தோணுச்சுன்னா, வர்ஜீனியாவுல ரெட் ஃப்ளாக் உத்தரவுக்கு குடும்பத்துக்காரங்க நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது, போலீஸ் இல்லன்னா அரசு வக்கீலான காமன்வெல்த் அட்டர்னி ஆபீஸ் மூலமாத்தான், அவங்க விசாரிச்சுட்டு மனு போடுவாங்க. முதல்ல 14 நாளுக்கு அவசர உத்தரவு, அப்புறம் சர்க்யூட் கோர்ட்ல விசாரணை வெச்சு 180 நாள் வரைக்கும். இது கிரிமினல் தண்டனை இல்ல, ரெக்கார்டுல குற்றவாளின்னு வராது, இத நம்ம ஜனங்ககிட்ட அழுத்திச் சொல்லணும். இந்தச் சட்டத்த 1999லயே கொண்டு வந்தது கனெக்டிகட், அங்க டியூக் யூனிவர்சிட்டி ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு போட்ட கணக்குப்படி பத்து இருபது பேர்கிட்டேருந்து எடுத்து வெச்சா ஒரு தற்கொலை தடுக்கப்படுது.

நாலாவது: ரிச்மண்ட் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்குங்க

ஸ்டேட் சட்டசபையான ஜெனரல் அசெம்பிளில ஹவுஸ்ல 100 டெலிகேட், செனட்ல 40 செனட்டர். கூட்டத்தொடர் ஜனவரி ரெண்டாவது புதன்கிழமை ஆரம்பிக்கும், இரட்டைப்படை வருஷம் 60 நாள், ஒற்றைப்படை வருஷம் வழக்கமா 46 நாள். அவ்வளவுதான். நம்ம ஊர் சட்டசபை மாதிரி வருஷத்துல அப்பப்ப கூடும்னு நினைச்சுட்டு மார்ச் கடைசில போனீங்கன்னா எல்லாம் முடிஞ்சிருக்கும். பில் கொண்டு வர்றவர இங்க 'பேட்ரன்'னு சொல்வாங்க. துப்பாக்கி பில் பெரும்பாலும் ஹவுஸ்ல பப்ளிக் சேஃப்டி கமிட்டிக்கும் செனட்ல கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கமிட்டிக்கும் போகும். ஒரு பில்லுக்கு உண்மையான சாவு சப்கமிட்டிலதான், காலங்காத்தால நாலஞ்சு பேர் உக்காந்து 'லெய்ட் ஆன் த டேபிள்', 'பாஸ்டு பை இண்டெஃபினிட்லி'ன்னு ஏதாவது ஒண்ணு சொன்னா பில் முடிஞ்சுது, பேர் கேட்டா பாஸ் ஆன மாதிரி இருக்கும், ஏமாறாதீங்க. பாதிக் கூட்டத்தொடர்ல 'கிராஸ்ஓவர்', அதுக்குள்ள ஒரு சபையத் தாண்டாத பில் அந்த வருஷத்துக்கு இல்ல.

உங்க டெலிகேட், செனட்டர் யாருன்னு ஜெனரல் அசெம்பிளி வெப்சைட்ல வீட்டு அட்ரஸ் போட்டா வந்துடும். பில் எங்க இருக்குன்னு சட்டசபையோட எல்ஐஎஸ்ங்கற சைட்ல பில் நம்பர் (ஹவுஸ் பில்னா ஹெச்பி, செனட் பில்னா எஸ்பி) போட்டுப் பார்க்கலாம், யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கங்கறதும் அதுலயே இருக்கு. தலைப்ப மட்டும் படிக்காதீங்க, கடைசியா மாத்தின வெர்ஷன் எதுன்னு பார்த்துப் படிங்க, 'சப்ஸ்டிட்யூட்'னு வந்திருந்தா உள்ள மொத்தமே மாறியிருக்கும்.

2019ல நடந்தது இந்த அமைப்பப் புரிஞ்சுக்க நல்ல உதாரணம். மே 31 வர்ஜீனியா பீச்சுல 12 பேர் செத்தாங்க. கவர்னர் ரால்ஃப் நார்த்தம், அவர் குழந்தைகள் நரம்பியல் டாக்டர், ஜூலை 9ம் தேதி சிறப்புக் கூட்டம் கூட்டினார். ஒன்றரை மணி நேரத்துல ஒரு பில்லுக்குக் கூட ஓட்டு எடுக்காம கலைச்சுட்டாங்க. நவம்பர்ல தேர்தல், ரெண்டு சபையும் ஜனநாயகக் கட்சி கைக்கு மாறுச்சு. 2020 ஜனவரில எதிர்ப்புக் கூட்டத்துக்கு ஏறக்குறைய 22,000 பேர் ரிச்மண்ட்ல கூடினாங்க, நிறைய பேர் கையில துப்பாக்கியோட. இருந்தும் அந்தக் கூட்டத்தொடர்ல எல்லா விற்பனைக்கும் பேக்ரவுண்ட் செக், ரெட் ஃப்ளாக், மாசத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி, தொலைஞ்சா 48 மணி நேரத்துல சொல்லணும்ங்கறதுன்னு வரிசையா பாஸ் ஆச்சு, ஜூலை 1 அமலுக்கு வந்துச்சு. வர்ஜீனியா டெக்லேருந்து 13 வருஷம். அந்தப் பெற்றோர்கள், காயம்பட்டவங்க, ஒவ்வொரு ஜனவரியும் வந்து தோத்துட்டுத் திரும்பிப் போனவங்க.

சிட்டிசன் ஆனவங்களுக்கு: வர்ஜீனியா தேர்தல் ஒற்றைப்படை வருஷத்துல நடக்கும், ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டும் ஓட்டுப் போடற பழக்கம் இங்க ஆகாது. 2017ல நியூபோர்ட் நியூஸ் தொகுதி ஒண்ணுல சரிசமமா ஓட்டு விழுந்து, பேர சீட்டுல எழுதி கிண்ணத்துல போட்டுக் குலுக்கி எடுத்தாங்க, ஹவுஸ்ல ஒரு கட்சிக்குப் பெரும்பான்மையா, இல்ல ரெண்டுக்கும் சரிபாதியாங்கறதே அந்தச் சீட்டுலதான் நின்னுச்சு.

அஞ்சாவது: ஆளப் பார்த்துப் பேசறது

தனியா போகாதீங்க. மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன், பிரேடி, கிஃபர்ட்ஸ் மாதிரி துப்பாக்கி வன்முறையத் தடுக்க வேலை செய்யற அமைப்புங்க இருக்கு, உள்ளூர் குழுவுல பேர் குடுத்தா எந்த பில் எந்த நாள் வருதுன்னு மெசேஜ் வந்துடும். மார்ட்டின் லூதர் கிங் லீவு திங்கக்கிழமை ரிச்மண்ட்ல ரெண்டு பக்கமும் பாரம்பரியமா வர்ற நாள். நமக்கு அது பொங்கல ஒட்டின லாங் வீக்கெண்ட், சங்கத்துல நிகழ்ச்சி இருக்கும், ஆனாலும் ஒரு வண்டி ஆள் சேர்ந்துடும், ஆஷ்பர்ன்லேருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், கிளென் ஆலன், ஷார்ட் பம்ப் பக்கம் இருக்கறவங்களுக்கு இருபது முப்பது நிமிஷம். உள்ள போக செக்யூரிட்டி லைன் நிக்கும், சீக்கிரம் போயிடுங்க.

டெலிகேட்டப் பார்க்க முடியாட்டி அவரோட உதவியாளரான லெஜிஸ்லேட்டிவ் எய்டப் பாருங்க. சின்னப் பசங்களா இருப்பாங்க, அலட்சியமா நினைக்காதீங்க, யார் எதுக்கு வந்தாங்கன்னு குறிச்சு வெச்சு சொல்றதே அவங்கதான். பத்து நிமிஷம் கிடைச்சா பெருசு. முதல் வரி: பேர், எந்த ஊர், உங்க தொகுதி. ரெண்டாவது வரி: எந்த பில், ஆதரவா எதிர்ப்பா. அதுக்கப்புறம் ஒரு நம்பர், ஒரு காரணம், ஒரு நேரடிக் கேள்வி, "இதுக்கு ஓட்டுப் போடுவாரா?" பதில் மழுப்பலா வந்தா "என்ன விவரம் தந்தா அவருக்கு உதவும்?"னு கேளுங்க. ஒரே ஒரு பக்கத்துல குறிப்பு எழுதிக் குடுத்துட்டு வாங்க, அதுல உங்க கவுண்டி நம்பர், ஆய்வு ஒண்ணு, பில் நம்பர், உங்க போன். மூணு பக்கம் குடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க.

கமிட்டில பேசறதுன்னா ஹவுஸ் பக்கம் 'ஹெச்.ஓ.டி. ஸ்பீக்'ங்கற சைட்ல பேர் பதிஞ்சா வீட்லேருந்தே வீடியோல பேசலாம், எழுத்துலயும் குடுக்கலாம். ஒரு நிமிஷம்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஆக்சென்ட் பத்திக் கவலைப்படாதீங்க, எழுதி வெச்சு நிதானமா படிங்க. ஒருத்தர் பேசினது எனக்கு இன்னும் நினைவிருக்கு, "நான் லவுடவுன்ல குடியிருக்கேன், மருந்துக் கடையில வேலை பாக்கறேன், ஆபத்தான மருந்த நான் பூட்டித்தான் வெக்கணும்னு சட்டம் சொல்லுது, துப்பாக்கிக்கும் அதையே கேக்கறேன்"னு சொல்லிட்டு உக்காந்துட்டார். கமிட்டில நிமிர்ந்து பார்த்தாங்க.

சில விஷயத்துல கவனம். செமி-ஆட்டோமேட்டிக்குக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாம பேசாதீங்க, ஒரு தடவை தூண்டினா ஒரு குண்டுதான்ங்கறது செமி, அழுத்திப் பிடிச்சா தொடர்ந்து வர்றது ஆட்டோமேட்டிக், இதத் தப்பா சொன்னா அதோட உங்க பேச்சு எடுபடாது. துப்பாக்கி வெச்சிருக்கற நண்பர் யாராவது பூட்டற சட்டத்துக்கு ஆதரவா வந்தா அவரையே பேச விடுங்க. துப்பாக்கி வெச்சுக்கற உரிமையச் சொல்ற அரசியலமைப்போட இரண்டாம் திருத்தம் பத்திக் கேட்டா, 2022ல சுப்ரீம் கோர்ட்டோட ப்ரூயன் தீர்ப்பு சட்டம் போடறத கஷ்டமாக்கினதும் உண்மை, 2024ல ரஹீமி வழக்குல குடும்ப வன்முறை உத்தரவு இருக்கறவங்க கிட்டேருந்து துப்பாக்கிய எடுக்கலாம்னு 8க்கு 1 தீர்ப்பு வந்ததும் உண்மை, ரெண்டையும் சொல்லுங்க.

விட்டுக்குடுக்கறது பத்தியும் ஒரு வார்த்தை. 2016ல கவர்னர் மெக்காலிஃப் ஒரு பேரம் பண்ணினார், மத்த ஸ்டேட் கன் பர்மிட்டுகள வர்ஜீனியா ஏத்துக்கும், அதுக்குப் பதிலா குடும்ப வன்முறைக்கான இறுதிப் பாதுகாப்பு உத்தரவு இருக்கறவங்க 24 மணி நேரத்துல துப்பாக்கிய விட்டுடணும். நம்ம பக்கத்து பெரிய அமைப்புங்களே கோவப்பட்டாங்க. என்னைக் கேட்டா, அடி வாங்கிட்டு இருக்கற ஒரு பொண்ணோட இடத்துலேருந்து பார்த்தா அது வாங்க வேண்டிய சட்டம்தான்னு சொல்வேன். ஒத்துக்காதவங்க இருக்கலாம், ஆனா இந்த மாதிரி முடிவு வரும், தயாரா இருங்க.

ஓட்டு முடிஞ்ச பிறகு

ரெண்டு சபையும் பாஸ் பண்ணினாலும் கவர்னர் வீட்டோ பண்ணி நிராகரிக்கலாம், ராணுவ பாணித் துப்பாக்கிங்கள விக்கறதத் தடுக்கற அசால்ட் வெப்பன் பில் 2024லயும் 2025லயும் அப்படித்தான் நின்னுச்சு. வீட்டோவ முறியடிக்க மூணுல ரெண்டு பங்கு வேணும், அதுக்கு கூட்டத்தொடர் முடிஞ்சு ஆறாவது புதன்கிழமை திரும்பக் கூடுவாங்க, அந்த வாரம் போன் பண்ண மறக்காதீங்க. வர்ஜீனியாவுல கவர்னர் தொடர்ந்து ரெண்டு தடவை இருக்க முடியாது, அதனால ஒரு கவர்னர் நிறுத்தின பில் நாலு வருஷத்துக்குள்ள இன்னொருத்தர் மேசைக்கு வரும். சட்டம் ஆனதும் கோர்ட்டுக்கும் போகும், அதனால யாருக்காவது சொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இப்ப நடைமுறையில இருக்கற சட்டத்த ஆன்லைன்ல ஒரு தடவை பார்த்துடுங்க, போன வருஷக் குறிப்ப அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க.

புதுச் சட்டம் அமலுக்கு வர்ற ஜூலைக்கு அப்புறம்தான் நிறைய பேர் காணாமப் போயிடறாங்க, அப்பதான் வேலை இருக்கு. சட்டம் இருந்தும் உங்க கவுண்டில போலீஸ் ரெட் ஃப்ளாக் உத்தரவ பயன்படுத்தறாங்களான்னு ஷெரிஃப் ஆபீஸ்ல, காமன்வெல்த் அட்டர்னி ஆபீஸ்ல கேளுங்க, வருஷத்துக்கு எத்தனைன்னு கேளுங்க. ஸ்கூல் போர்டு கூட்டத்துல, பூட்டி வெக்கறது பத்தி பெற்றோருக்குப் போற லெட்டர் தமிழ்லயும் தெலுங்குலயும் போகுமான்னு கேளுங்க, மொழிபெயர்த்துத் தர ஆள் நாங்க இருக்கோம்னு சொல்லுங்க. டெலிகேட் ஆகஸ்ட்ல ஊர்லதான் இருப்பார், சாவகாசமா அரை மணி நேரம் உக்காந்து பேசுவார், அடுத்த ஜனவரிக்கான பில் யோசனைங்க அப்பதான் உருவாகுது, வொண்டர்ல எடுத்த புது வருஷக் கணக்கோட அப்ப போய்ப் பாருங்க.